பொதுச்சுவரை ஒட்டிக் கட்டும்போது சர்வேயர் செலவை யார் ஏற்க வேண்டும்?

சிப்புட்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து, பிறகு துண்டு போட்டு விற்கப்பட்ட நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), பேராக், சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுடையது ஒற்றை மாடி வரிசை வீடு. இருபுறமும் வீடுகள் உள்ள இடைவீடு. பின்பக்கத்தில் அடுப்படியைச் சற்று நீட்டி, அதை ஒட்டி அப்பாவுக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்ட முடிவு செய்திருக்கிறோம். புதிய அறையின் ஒரு பக்கம், எங்களுக்கும் இடப்பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மேம்பாட்டாளரே எழுப்பிக் கொடுத்த பொதுச்சுவரின் மீது வந்து முட்டும்.

இடப்பக்கத்து வீட்டு அக்காவும் நாங்களும் ஒரே தோட்ட லயத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. நகராண்மைக் கழகத்துக்கு அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று பிளான் வரைபவர் சொன்னதால், அதைக் கேட்கப் போனேன். லண்டனில் வேலை செய்யும் அவருடைய மகன், கட்டுபவர்தான் இரு தரப்பு சர்வேயருக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். ஆகவே தமக்கென ஒரு சர்வேயரை வைத்துக்கொள்ளப் போவதாகவும், அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டால் கையெழுத்திடுவதாகவும் அக்கா கூறுகிறார். கட்டும் வேலையை எடுத்திருக்கும் எங்கள் குத்தகையாளரோ சர்வேயரே வேண்டாம், பழைய சுவரைப் பிடித்துக் கட்டிவிடலாம் என்கிறார். எல்லையை அளந்து காட்டுவதற்கு மட்டும் ஒரு நில அளவையாளர் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்கிறார்.

சட்டப்படி இந்தச் செலவு யாருடையது? அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

குனோங் ரப்பாட் அண்ணன் பதில்:

சுவர் இருவருக்கும் பொது என்றால் செலவும் இருவருக்கும் பொதுதான், தம்பி. பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வரிசையில் வேலி மாற்றியபோது அப்படித்தான் செய்தோம், யாரும் வாய் திறக்கவில்லை.

பழைய எழுத்தர், ஈப்போ பதில்:

மேலே அண்ணன் சொன்னது, இருவரும் சேர்ந்து வேலியை மாற்றும்போது பொருந்தும். ஒருவர் மட்டும் தம் வசதிக்காகக் கட்டும்போது மற்றவரிடம் பாதி கேட்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, முறையிலும் இடமில்லை. பல ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதை வழக்கறிஞரின் ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

லண்டன் தம்பி பொய் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச்சுவருக்கென்றே 1996ஆம் ஆண்டில் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1997 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பொதுச்சுவரில் கை வைக்கப் போகிறவர் இரண்டு மாதத்துக்கு முன்பும், அருகில் குழி தோண்டப் போகிறவர் ஒரு மாதத்துக்கு முன்பும் அண்டை வீட்டாருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார் 14 நாளுக்குள் சம்மதம் தராவிட்டால் தகராறு எழுந்ததாகவே கருதப்படும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஒரே சர்வேயரையோ, ஆளுக்கொரு சர்வேயரையோ நியமிக்க வேண்டும். அவர்கள் எழுதும் தீர்வில் செலவு யாருடையது என்பதும் அடங்கும். வேலையின் பயன் கட்டுபவருக்கே என்பதால் பெரும்பாலும் இரு சர்வேயர்களின் கட்டணமும் அவர் தலையில்தான் விழும்.

ஆனால் அந்தச் சட்டம் நம் நாட்டில் செல்லாது. நம்முடைய 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், மூன்றாம் பிரிவில், தீபகற்ப மலேசியாவுக்கு இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபை 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இருந்த நிலையில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை இங்கே ஒருவர் மீது சுமத்த முடியாது. பொதுச்சுவருக்கு அருகில் கட்டுபவர் அண்டை வீட்டாரின் சர்வேயருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடும் மலேசியச் சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே, சட்டக் கடமையா என்று கேட்டால், இல்லை.

இதைப் படித்துவிட்டு, செலவே செய்ய வேண்டியதில்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால்தான் மேலும் எழுதுகிறேன். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 44ஆம் பிரிவு, ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் தம் நிலம் இயற்கையான நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. நீங்கள் தோண்டும் குழியால் அக்காவின் மண் சரிந்தால் அந்தப் பிரிவு பேசும். அங்கே நிற்கும் வீட்டைப் பற்றி அந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை. நீண்ட கால அனுபோகத்தால் அப்படியோர் உரிமை தானாக வந்து சேர்வதையும் நம் நிலச் சட்டம் ஏற்பதில்லை. வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தால் கவனக்குறைவு, தொல்லை ஆகிய பொதுச் சட்டக் கோட்பாடுகளின் கீழ் வழக்குப் போட வேண்டியிருக்கும். அப்போது, குத்தகையாளர் செய்த தவறுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று நீங்கள் கேட்டு நழுவ முடியாது. பக்கத்துக் கட்டடத்தின் தாங்குதலைப் பாதிக்கக்கூடிய வேலையை ஒருவர் வேறொருவரிடம் ஒப்படைத்தாலும், பொறுப்பு அவரை விட்டுப் போகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1876இலேயே சொல்லிவிட்டது. 1956க்கு முற்பட்ட கோட்பாடு என்பதால் அது நமக்கும் சேர்ந்தே வந்திருக்கிறது.

நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, அந்த வெடிப்பு வேலைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் வைத்திருப்பவர் தப்பிப்பார். கட்டுபவர் நீங்கள் என்பதால், அந்தப் பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கும் செலவு உங்களுடையது என்பது என் கருத்து. அக்காவுக்கென்று இரண்டாவது ஆளை வைத்து அவருக்கும் கொடுப்பது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்தது.

தைப்பிங் பிளான்காரர் பதில்:

எழுத்தர் ஐயாவின் விளக்கத்தோடு, வேலைத்தளத்திலிருந்து சில விவரங்களைச் சேர்க்கிறேன். உங்கள் கேள்வியில் சர்வேயர் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் அக்காவின் மகன் மனத்தில் இருப்பவரும், இரண்டாயிரம் ரிங்கிட் கேட்டவரும் ஒரே தொழிலைச் செய்பவர்கள் அல்லர். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்து அளந்து காட்டுபவர் உரிமம் பெற்ற நில அளவையாளர். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த வேலையை உரிமம் இல்லாதவர் செய்ய முடியாது. பக்கத்து வீட்டின் உள்ளே போய் எந்தச் சுவரில் வெடிப்பு, எந்த மோசைக் தளத்தில் பள்ளம், எந்தக் கதவு உராய்கிறது என்று படம் பிடித்து அறிக்கை எழுதுபவர் கட்டட அளவையாளர் அல்லது பொறியியலாளர். முதலாமவர் கோட்டைச் சொல்வார், சுவரின் உடல்நலத்தைச் சொல்லமாட்டார். இரண்டாமவருக்கு எல்லைக் கோட்டைப் பற்றிப் பேசும் அதிகாரம் கிடையாது. உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் அல்ல.

உங்கள் புதிய அறை பழைய பொதுச்சுவருக்கு உட்புறமாக, உங்கள் பக்கத்தில் தனித் தூண்களின் மேல் நிற்கும் என்றால் எல்லைச் சிக்கல் சிறியது. குத்தகையாளர் சொல்வதுபோல் பழைய சுவரையே பிடித்துக் கட்டுவதாக இருந்தால் நிலைமை வேறு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 86ஆம் விதி, பொதுச்சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது என்கிறது. வெவ்வேறு காலத்தில் கட்டினால் தலா 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இரண்டு சுவர்களாகவும் இருக்கலாம். கான்கிரீட் சட்டகம் கொண்ட வரிசை வீடுகளுக்கு மொத்தமே 100 மில்லிமீட்டர் போதும் என்று அதே விதி விலக்குக் கொடுத்திருப்பதால், உங்களைப் போன்ற வீடுகளில் நடுச்சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் அகலம்தான். அதில் பீம் பதிக்க ஒரு சாண் அகலத்துக்கு உளி வைத்துக் குடைந்தால், அடுத்த பக்கத்துக் குளியலறைப் பளிங்குக்கல் உதிரும். நான் பார்த்திருக்கிறேன்: இந்தப் பக்கம் சுத்தியல் விழ விழ, அந்தப் பக்கம் சோப்புப் பெட்டி மாட்டியிருந்த கல் மெல்ல முன்னே தள்ளிக்கொண்டு வந்தது.

அடித்தளமும் கவனிக்க வேண்டியது. பழைய வீடு ஒரு வகை அடித்தளத்தில் நிற்கும். நீட்டிய பகுதியை மேலோட்டமாகத் தோண்டி நிறுத்துவார்கள். புதியது தனியாக இறங்கும்போது, பழைய சுவரோடு கம்பி வைத்துக் கட்டியிருந்தால் அதையும் கீழே இழுக்கும். பிரித்துக் கட்டி, இடையில் ஒரு விரல் அகலம் விட்டு, நெகிழும் பசையால் அடைத்து, மேலே தகரம் மடித்து மழைநீர் இறங்காமல் மூடினால், உங்கள் பகுதி இறங்கினாலும் அக்காவின் சுவர் அசையாது. இப்படிக் கட்டினால் உங்களுக்குக் கட்டட அளவையாளரின் முழு அறிக்கைகூடத் தேவைப்படாமல் போகலாம்; நல்ல படங்களே போதும். கூரை நீரும் உங்கள் பக்கத்திலேயே பீலி வழியாக இறங்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். சுவர்ச் சண்டை என்று என்னிடம் வருபவற்றில் பல உண்மையில் மழைநீர்ச் சண்டைகள்.

குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கும்போது அவர் முகம் மாறினால், அதுவும் ஒரு தகவல்தான்.

பீடோங் அம்மா பதில்:

நான் அந்த அக்காவின் இடத்தில் இருந்தவள் என்பதால் அவர் சார்பில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் மேல்மாடி எழுப்பியபோது சம்மதக் கடிதத்தை நீட்டினார்கள், முகத்துக்காகக் கையெழுத்திட்டேன். அந்தக் கடிதத்தில் கட்டுவதற்கு ஆட்சேபம் இல்லை என்ற ஒரு வரிதான் இருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் சாமி அறைச் சுவரில் மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகக் கோடு விழுந்தது. போய்ச் சொன்னால், அது உங்கள் வீடு பழசானதால் வந்தது என்றார்கள். என்னிடம் முந்தைய படம் ஒன்றுகூட இல்லை. வாய்ப் பேச்சில் தோற்றுப்போனேன்.

ஆகவே அக்கா சர்வேயர் கேட்பதைப் பேராசை என்று எண்ணாதீர்கள், தம்பி. ஓய்வூதியமும் பிள்ளை அனுப்பும் பணமுமாக வாழும் ஒருவருக்கு அந்த வீடு ஒன்றுதான் சொத்து. அவர் கேட்பது ஆள் அல்ல, அத்தாட்சி. உங்கள் ஆள் எழுதுவதில் அவருக்கு நம்பிக்கை வராமல் போகலாம். அப்படியானால் யார் எழுதுவது என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும், பணத்தை நீங்கள் கொடுங்கள். இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். அறிக்கையின் ஒரு பிரதி அவரிடமும் இருக்க வேண்டும்.

பழைய எழுத்தர், ஈப்போ பதில்:

அம்மா சொன்ன வழி எனக்குச் சரியாகப்படுகிறது. லண்டன் சட்டத்திலேயே இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே சர்வேயர் என்ற ஏற்பாடு இருப்பதால் மகனுக்கும் அதில் குறை சொல்ல இருக்காது. அவரையும் தொலைபேசி இணைப்பில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி: 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்கை ஆறு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் தாமதமாகத் தெரிய வந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை, அதிகபட்சம் 15 ஆண்டுக்கு உட்பட்டு, வாய்ப்பு உண்டு. உங்கள் சுவர் எந்த ஆண்டில் வெடித்தது என்று பார்த்துவிட்டு, சட்ட உதவிப் பிரிவிலோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை காட்டுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகும்படி யாராவது சொன்னால், அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான வழக்குகளுக்கு உரியது. அண்டை வீட்டார் மீதான புகாரை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிப்புட்வாசி தம் குத்தகையாளர் மீது புகார் கொடுப்பதாக இருந்தால், 50,000 ரிங்கிட் வரை அங்கே போகலாம்.

சிப்புட்வாசி:

அனைவருக்கும் நன்றி. அக்காவிடம் நேற்று மாலை பேசினேன். ஒருவரே போதும் என்பதற்கு அவர் இணங்குகிறார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். பிளான்காரர் ஐயா சொன்னபடி தனித் தூண் வைத்துக் கட்ட எவ்வளவு கூடும் என்று குத்தகையாளரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்துப் பார்த்தேன். அதில் லாட் எண் இல்லை, எச்.எஸ்.(எம்) என்றும் பி.டி. எண் என்றும் போட்டிருக்கிறது. பின்பக்க மூலையில் எல்லைக்கல்லையும் காணவில்லை. வேலி போட்டபோது யாரோ பிடுங்கியிருக்கலாம். இந்த நிலையில் எல்லையை அளப்பதால் பயன் உண்டா?

பழைய எழுத்தர், ஈப்போ பதில்:

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் நான். எச்.எஸ்.(எம்) என்பது தற்காலிகத் தகுதியுள்ள உரிமைப் பத்திரம். இறுதி அளவை முடிவதற்கு முன் கொடுக்கப்படுவது. உரிமை உங்களுடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் காட்டியிருக்கும் எல்லையும் பரப்பளவும் இறுதியானவை அல்ல. அளவைத் துறையின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வந்து, பி.டி. எண் லாட் எண்ணாக மாறி, நிலையான உரிமைப் பத்திரம் வெளிவந்த பிறகுதான் கோடு உறுதியாகும். துண்டாடப்பட்ட தோட்ட நிலங்களில் இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

அதற்காக அளவை வீண் என்று ஆகாது. முதலில் நில அலுவலகத்தில் உரிமைப் பத்திரத் தேடுதல் ஒன்று செய்து, இறுதிப் பத்திரம் ஏற்கெனவே தயாராகி நீங்கள் வாங்காமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள்; அப்படியும் நடப்பதுண்டு. தயாராக இல்லையென்றால், அளவைக் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நில அளவையாளரே விசாரித்துச் சொல்வார். அதுவரை எல்லைக் கோட்டின் மேல் எதையும் கட்டாமல் உங்கள் பக்கம் விலகி நிற்பதுதான் பாதுகாப்பு. கோடு சற்று இப்படி அப்படி நகர்ந்தாலும் உங்கள் தூண் அக்காவின் நிலத்தில் இருக்காது.

காணாமல் போன கல்லைப் பற்றி: நிலச் சட்டத் தொகுப்பின் 114ஆம் பிரிவுப்படி எல்லைக்கல்லைப் பாதுகாக்க வேண்டியதும், அது சேதமானாலோ காணாமல் போனாலோ உடனே நில அலுவலகத்துக்கோ வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவுக்கோ தெரிவிக்க வேண்டியதும் உரிமையாளரின் கடமை. அது உங்களுக்கும் உண்டு, அக்காவுக்கும் உண்டு. மூலைக்கல் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால், அதை மீண்டும் நடும் செலவை மட்டும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். குனோங் ரப்பாட் அண்ணன் சொன்னது இங்கே பொருந்துகிறது.

தைப்பிங் பிளான்காரர் பதில்:

ஒப்பந்தக் கடிதம் எழுதும்போது விட்டுவிடக் கூடாதவற்றைச் சொல்கிறேன். வேலை தொடங்கும் முன் அக்கா வீட்டுக்குள் எந்தெந்த அறைகளைப் படம் எடுத்தீர்கள் என்பது, புதிய பகுதி பொதுச்சுவரோடு இணைக்கப்படாது என்பது, அறிக்கை எழுதுபவருக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்கள் என்பது, வேலை முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து மறுபடி பார்ப்பீர்கள் என்பது, சேதம் இருந்தால் யார் எவ்வளவு நாளுக்குள் சரிசெய்வார் என்பது. தமிழிலோ மலாயிலோ ஒரு பக்கம் போதும். பத்து ரிங்கிட் முத்திரை வரி கட்டி, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது வெடிப்பின் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, அக்காவையே கையெழுத்திடச் சொல்லுங்கள். வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் இருவர் கண்ணுக்கும் தெரியும். தாண்டாவிட்டாலும் தெரியும்.

சிப்புட்வாசி:

அடுத்த வாரம் நில அலுவலகத்துக்குப் போகிறேன். அக்கா தம் வீட்டுப் படங்களைத் தாமே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். அப்பாவையும் கூட்டிவரச் சொல்கிறார். குத்தகையாளர் தனித் தூணுக்கு விலை சொன்னதும் இங்கே எழுதுகிறேன்.